தாகத்தில் விழுந்த கடற்கோட்டை

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதை என்னும் மிதவைப் படகில் கடக்கும்போதெல்லாம் நான் கடற்கோட்டைப் பக்கமாகவே நிற்பேன். ஹம்மன்ஹீல் என்பது அதன் ஒல்லாந்தப் பெயர். போர்த்துக்கேயர் கட்டிய எண்கோணக் கோட்டை. சின்னத் திட்டு முழுவதையும் மதில் அடைத்து நிற்கிறது. போக வள்ளம்தான் வழி. யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் கடல்வழியைப் பீரங்கியால் காப்பதே அன்று அதன் வேலை.

1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். கோட்டையை விழுத்தியது குண்டைவிடத் தாகம்தான். குடிதண்ணீர் தீர, இரண்டு கிழமையளவில் உள்ளிருந்தவர்கள் சரணடைந்தார்கள். சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு வாளி நல்ல தண்ணீர் இல்லை. தீவார் எங்களுக்கு இதிலென்ன புதினம்!

1971இல் அரசுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் பிடிபட்டவர்களையும் இங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை விடுதி நடத்துகிறது. சிறையாக இருந்த இடத்தில் காசு கொடுத்துப் படுக்க எனக்கு மனம் வராது.