உங்களுக்குத் தெரியுமா? பீங்கான் பயின்றோரின் சகோதர சங்கம்

மணிமுத்தாற்றின் தீரத்தில், விருத்தகிரீஸ்வரர் ஆலயத்தால் புகழ்பெற்று விளங்கும் விருத்தாசலம், அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் தாங்கி முதலியவற்றைச் சூளையிலிட்டெடுக்கும் பீங்கான் நகரமாகவும், அத்தொழிலை இளைஞருக்குச் சாஸ்திரோக்தமாகப் போதிக்கும் அரசுக் கல்விக்கூடம் அமைந்த ஊராகவும் இருப்பதை நம்மவர் நன்கறிவர். ஆயின், இதே வித்தையைக் கற்கும் மாணவர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு சகோதர சங்கம் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருவதை அறிந்தவர் சிலரே.

சூளையின் உஷ்ணம் உரிய அளவை எட்டியதும் வளைந்து சாயும் சிறு கூம்புகளை அந்நாட்டில் பிரசித்தமாக்கிய எட்வர்ட் ஆர்ட்டன் என்பார், 1894-ஆம் ஆண்டில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் அத்தேசத்தின் முதலாவது பீங்கான் பொறியியல் கல்வித் துறையைத் தொடங்கிவைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1902-இல் உதயமானதே ‘கெராமாஸ்’ சங்கம்.

பிற்காலத்தில் வேறு பல கல்லூரிகளிலும் கிளை பரப்பிய இச்சங்கம், கல்லூரியை விட்டு நீங்கிய அங்கத்தினரை மறந்துவிடாமல், வட கரோலினாவில் பீங்கான் பொறியியலைப் போதித்த கிரீவ்ஸ்-வாக்கர் என்னும் பேராசிரியரின் நாமத்தால் ஒரு விருதை ஸ்தாபித்து, அத்துறைக்கு ஆயுள் முழுவதும் சிறந்த சேவை புரிந்தோரைக் கௌரவித்துவருகிறது. சங்கத்தின் இலட்சியங்களைத் தம் வாழ்க்கையாலும் தொழிலாலும் நிரூபித்துக் காட்டியிருத்தலே அவ்விருதுக்குரிய யோக்கியதையாகக் கருதப்படுகிறது.