செயல்பாட்டுப் பெருக்கி மாற்றுதல்

செயல்பாட்டுப் பெருக்கி மாற்றுதல் என்பது, ஒலிக்கருவி ஒன்றின் மின்சுற்றில் உள்ள செயல்பாட்டுப் பெருக்கிச் சில்லை எடுத்துவிட்டு, அதே கால் அமைப்புடைய வேறொரு சில்லை அதன் இடத்தில் பொருத்துவதாகும். ஹெட்போன் எனப்படும் காதொலிப்பானில் கேட்கும் ஒலியைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் நோக்குடன் ஒலி ஆர்வலர்கள் இதனைச் செய்கின்றனர். செயல்பாட்டுப் பெருக்கி சுருக்கமாக ஆப்-ஆம்ப் என்றும் வழங்கப்படுகிறது.

சில்லை மாற்றுவதால் இரைச்சல், வெளியீட்டு மின்னோட்டம், சுற்றின் நிலைப்புத்தன்மை ஆகியவற்றில் அளந்தறியத்தக்க மாற்றங்கள் ஏற்படலாம். ஆனால் ஒரு சில்லு "கனிவானது", மற்றொன்று "துல்லியமானது" என்பன போன்ற கூற்றுகளை மறைமுகக் கேட்டல் சோதனை இன்றி ஏற்க இயலாது. சுற்றுக்குப் பொருந்தாத சில்லு காதொலிப்பானைப் பழுதாக்கவும் கூடும்.

வரலாறு

வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளில் குழாய்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் கேட்கும் பழக்கமே இம்முறைக்கு முன்னோடியாகும். செயல்பாட்டுப் பெருக்கி என்னும் பெயர் சான் ரகாசினியும் அவருடன் பணியாற்றியோரும் 1947இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் வழியே பரவியது. கூட்டல், தொகையீடு முதலிய கணிதச் செயல்பாடுகளை ஒப்புமைக் கணினிகளில் நிகழ்த்தப் பயன்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. 1960களில் இப்பெருக்கி ஒரே சிலிக்கான் சில்லில் அடங்கியது. ஃபேர்சைல்டு நிறுவனம் 1968இல் வெளியிட்ட 741 சில்லு உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் நேரியல் தொகுசுற்று ஆய்வகங்களில் மாணவர்கள் முதலில் கையாளும் சில்லும் பெரும்பாலும் இதுவே.

1998 அளவில் சூ மோய் என்பவர் 9 வோல்ட்டு மின்கலத்தில் இயங்கும் சிறிய காதொலிப்பான் பெருக்கி ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டார். சிமோய் என்று அழைக்கப்படும் இதனை மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் அமைப்பது வழக்கமாயிற்று. பாகங்கள் மிகக் குறைவு என்பதாலும், சில்லைச் சாக்கெட்டில் செருகி அமைப்பது எளிது என்பதாலும் சில்லு மாற்றும் பழக்கம் பெருகியது. பின்னர் நிறுவனங்களும் இதற்கு வழி செய்தன. 2009இல் வெளிவந்த ஏசஸ் சோனார் எசன்ஸ் எஸ்டிஎக்ஸ் ஒலி அட்டையில் பயனரே கழற்றி மாற்றத்தக்க சாக்கெட்டுகள் இருந்தன.

மாற்ற இயலுவதற்கான காரணம்

எட்டுக் கால்கள் கொண்ட இரட்டைச் செயல்பாட்டுப் பெருக்கிகளில் பெரும்பாலானவை ஒரே கால் அமைப்பைப் பின்பற்றுகின்றன. 4ஆம் கால் எதிர் மின்வழங்கலுக்கும், 8ஆம் கால் நேர் மின்வழங்கலுக்கும், 1ஆம், 7ஆம் கால்கள் வெளியீட்டிற்கும் உரியவை. ஒற்றைப் பெருக்கிச் சில்லுகளிலோ நேர் மின்வழங்கல் 7ஆம் காலிலும், வெளியீடு 6ஆம் காலிலும் அமைந்துள்ளன. எனவே இரட்டைச் சில்லுக்குரிய சாக்கெட்டில் ஒற்றைச் சில்லை நேரடியாகப் பொருத்தக் கூடாது.

பெருக்கத்தின் அளவைச் சில்லு தீர்மானிப்பதில்லை. அதனைச் சுற்றியுள்ள பின்னூட்ட மின்தடைகளே தீர்மானிக்கின்றன. சிமோய் சுற்றில் 10 கிலோஓம், 1 கிலோஓம் மின்தடைகள் இருப்பின் பெருக்கம் 11 மடங்காகும். எந்தச் சில்லைப் பொருத்தினாலும் இம்மதிப்பு ஏறத்தாழ மாறாது.

பரவலாகப் பயன்படும் சில்லுகள்

கீழே உள்ளவை தரவுத்தாள்களில் தரப்படும் வழக்கமான மதிப்புகள். இரைச்சல், ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்திற்கு இத்தனை நானோவோல்ட்டு என அளக்கப்படுகிறது.

* டிஎல்072: இரைச்சல் 18, பட்டை அகலம் 3 மெகாஹெர்ட்ஸ், உள்ளீட்டுச் சார்பு மின்னோட்டம் 65 பிக்கோஆம்பியர்
* என்இ5532: இரைச்சல் 5; பட்டை அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்; சார்பு மின்னோட்டம் 200 நானோஆம்பியர்
* ஓபிஏ2134: இரைச்சல் 8, பட்டை அகலம் 8 மெகாஹெர்ட்ஸ், சார்பு மின்னோட்டம் 5 பிக்கோஆம்பியர்
* எல்எம்4562: இரைச்சல் 2.7, பட்டை அகலம் 55 மெகாஹெர்ட்ஸ், சார்பு மின்னோட்டம் 10 நானோஆம்பியர்

அளந்தறியத்தக்க மாற்றங்கள்

இரைச்சல்

20 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், 11 மடங்கு பெருக்கத்தில், டிஎல்072 ஏறத்தாழ 28 மைக்ரோவோல்ட்டு இரைச்சலையும், என்இ5532 ஏறத்தாழ 8 மைக்ரோவோல்ட்டு இரைச்சலையும் வெளியிடும் (மின்தடைகளின் இரைச்சல் இதில் சேர்க்கப்படவில்லை). 1 வோல்ட்டுக்கு 125 டெசிபெல் ஒலி எழுப்பும், காதுக்குள் செருகும் வகைக் காதொலிப்பானில் இவை முறையே 34, 23 டெசிபெல் ஒலியாகும். அமைதியான அறையில் இவ்வேறுபாட்டைக் கேட்க முடியும். உணர்திறன் குறைந்த பெரிய காதொலிப்பானில் இரண்டுமே கேட்பதற்கரியவை.

நேர்மின்னழுத்த விலகல்

ஒலி எதுவும் இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் நேர்மின்னழுத்தமே விலகல் எனப்படும். சிமோய் சுற்றில் சில்லின் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 100 கிலோஓம் மின்தடை உள்ளது. என்இ5532இன் 200 நானோஆம்பியர் சார்பு மின்னோட்டம் இதன் வழியே பாயும்போது 20 மில்லிவோல்ட்டு தோன்றுகிறது. 11 மடங்கு பெருகியபின் வெளியீட்டில் அது 220 மில்லிவோல்ட்டு ஆகிறது. 32 ஓம் காதொலிப்பானில் இதனால் ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாது பாயும். ஒலிச்சுருள் தன் நடுநிலையிலிருந்து விலகி நிற்கும். ஓபிஏ2134இல் சார்பு மின்னோட்டத்தால் இச்சிக்கல் எழுவதில்லை. என்இ5532 தாழ்ந்த சில்லு அன்று. அது வேறு வகைச் சுற்றுக்கு உரியது என்பதே இதன் பொருள்.

வெளியீட்டு மின்னோட்டம்

32 ஓம் காதொலிப்பானுக்கு 1 வோல்ட்டு (சராசரி வர்க்கமூலம்) அளிக்க உச்ச அளவில் 44 மில்லிஆம்பியர் தேவை. பொதுவான பல செயல்பாட்டுப் பெருக்கிகள் இவ்வளவைத் தர இயலாமல் அலையின் உச்சியை வெட்டிவிடுகின்றன. இதனால் ஏற்படும் திரிபு தெளிவாகக் கேட்கும். 70 மில்லிஆம்பியர் வரை தரவல்ல என்ஜேஎம்4556ஏ இத்தேவைக்கு ஏற்றது. 2011இல் பெயர் வெளியிடாத பொறியாளர் ஒருவர் வடிவமைத்த ஆப்ஜெக்டிவ்2 பெருக்கியின் வெளியீட்டுப் பகுதியில் இச்சில்லே பயன்பட்டது.

அலைவு

வேகமான சில்லுகள் முறையாக அமைக்கப்படாத சுற்றில் தாமாகவே மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலையத் தொடங்கும். இவ்வலைவு காதுக்குக் கேட்காது. சில்லு சூடாதல், மின்கலம் விரைவில் தீர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். டிஎல்072க்காக அமைந்த பலகையில் எல்எம்4562ஐப் பொருத்தும்போது இது நேரக்கூடும். மின்வழங்கல் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை இணைப்பது இதனைத் தவிர்க்க உதவும்.

அதிர்வெண் ஏற்பு

மெதுவான டிஎல்072 கூட 11 மடங்கு பெருக்கத்தில் ஏறத்தாழ 270 கிலோஹெர்ட்ஸ் வரை பெருக்கவல்லது. மனிதச் செவியின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் ஆகும். எனவே சரியாக இயங்கும் இரு சில்லுகளுக்கிடையே தாழ்சுருதி, உச்சசுருதி அளவுகள் மாறுவதற்கு இதன்வழிக் காரணம் இல்லை. இரு காதொலிப்பான்களுக்கிடையே உள்ள வேறுபாடோ பல டெசிபெல் ஆகும்.

கேட்டல் சோதனை

எந்தச் சில்லு பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறிந்து கேட்பவரின் தீர்ப்பில் எதிர்பார்ப்பும் கலந்துவிடுகிறது. சில்லை மாற்ற ஆகும் சில நிமிடங்களில் முன்கேட்ட ஒலியின் நுண்மைகளும் மறந்துபோகின்றன. எனவே ஒரே மாதிரியான இரு பெருக்கிகளை அமைத்து, இரண்டின் ஒலி அளவையும் 0.1 டெசிபெல்லுக்குள், அதாவது மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 1 விழுக்காட்டிற்குள், சமப்படுத்தி, எது இயங்குகிறது என்பதைக் கேட்பவர் அறியாதவாறு சோதிக்க வேண்டும். ஏபிஎக்ஸ் சோதனையில் ஏ, பி என்னும் இரண்டில் எக்ஸ் எது எனக் கேட்பவர் கூறுகிறார். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகக் கூறினால், அது குருட்டு ஊகத்தால் நேர்ந்திருக்க 4 விழுக்காட்டிற்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

# இரு சில்லுகளின் தரவுத்தாள்களிலும் கால் அமைப்பு, குறைந்தபட்ச மின்வழங்கல் அளவு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும்.
# மின்கலத்தைக் கழற்றியபின், சில்லின் வெட்டுக்குறி சாக்கெட்டின் குறியோடு பொருந்துமாறு செருக வேண்டும்.
# காதொலிப்பானை இணைக்கும் முன், ஒவ்வொரு வெளியீட்டிற்கும் தரைக்கும் இடையே உள்ள நேர்மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் இணைக்கக் கூடாது.
# சில நிமிடங்கள் இயக்கி, சில்லு சூடாகிறதா எனப் பார்க்க வேண்டும். அலைவுகாட்டி இருப்பின் வெளியீட்டைச் சோதிப்பது நன்று.
# முதலில் விலை குறைந்த காதொலிப்பானில் கேட்க வேண்டும்.

போலிச் சில்லுகள்

சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. சாலை, மும்பை லேமிங்டன் சாலை ஆகிய மின்னணுச் சந்தைகளில் செயல்பாட்டுப் பெருக்கிகள் கிடைக்கின்றன. டிஎல்072, என்இ5532 போன்றவை மலிவானவை. ஓபிஏ627 போன்ற விலை உயர்ந்த சில்லுகளின் பெயரை மலிவான சில்லுகளின் மீது அச்சிட்டு விற்பது உலகெங்கும் காணப்படும் மோசடியாகும். மேலெழுத்தைக் கொண்டு மட்டும் இதனைக் கண்டறிவது கடினம். போலிச் சில்லைப் பொருத்தியவர்களும் ஒலி மேம்பட்டதாக உணர்வதுண்டு என்பது மறைமுகச் சோதனையின் தேவையைக் காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

* செயல்பாட்டுப் பெருக்கி
* பின்னூட்டம்
* டெசிபெல்
* தொகுசுற்று