கடிகாரம் காட்டும் பயண நேரம்

போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பன் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ளது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி வடகிழக்கில் உள்ளது. இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 3,360 கி.மீ. (தட்டையான படத்தில் அளவுகோலை வைத்து இதை அளந்தால் தவறாகிவிடும். பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும்.)

ஒரு குளிர்கால நாளில் லிஸ்பனிலிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம், ஹெல்சிங்கி கடிகாரப்படி பிற்பகல் 3.26க்குப் போய்ச் சேருகிறது என்று கொள்வோம். மறுநாள் அங்கிருந்து காலை 10 மணிக்குப் புறப்பட்டு, லிஸ்பன் கடிகாரப்படி பகல் 12.48க்கே திரும்பிவிடுகிறது. போக 5 மணி 26 நிமிடம். வர 2 மணி 48 நிமிடம்தானா?

"புவி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது அல்லவா? மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி லிஸ்பனே ஓடி வருகிறது" என்று சிலர் விளக்கம் தருவதுண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது! லிஸ்பனில் தரை மணிக்குச் சுமார் 1,300 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. காற்று அதனுடன் சேர்ந்து சுழலாவிட்டால் அவ்வூரில் எந்நேரமும் 1,300 கி.மீ. வேகப் புயல் வீச வேண்டுமே! தரையோடு காற்றும், காற்றில் மிதக்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன.

உண்மையில் ஹெல்சிங்கி கடிகாரம் லிஸ்பனைவிட 2 மணி முந்தி ஓடுகிறது. போகும்போது அந்த 2 மணியைக் கழித்து, வரும்போது கூட்டிப் பாருங்கள். போக 3 மணி 26 நிமிடம், வர 4 மணி 48 நிமிடம். கதை தலைகீழாகிவிட்டது!

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. ஐரோப்பாவின்மேல் சுமார் 10 கி.மீ. உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த துருவப் பகுதிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு இக்காற்றை எழுப்ப, புவியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, சுழற்சிக்கும் இதில் ஒரு மறைமுகப் பங்கு உண்டு.

காற்றில்லாதபோது நம் விமானத்தின் வேகம் மணிக்கு 840 கி.மீ. என்போம். அப்போது போக 4 மணி, வர 4 மணி, மொத்தம் 8 மணி. காற்று 140 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் விமானத்தின் வேகம் 980, எதிர்த்தால் 700. மேலே கண்ட நேரங்கள் இப்படி வந்தவைதான். (ஏறி இறங்கும் நேரத்தை இங்கே சேர்க்கவில்லை.)

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது சரியாகக் கழிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மொத்தம் 8 மணி 14 நிமிடம் ஆகிறதே! காற்று உதவும்போது பயணம் விரைவில் முடிந்துவிடுகிறது. அது எதிர்க்கும்போதோ விமானம் அதனுடன் நெடுநேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. லாபம் 34 நிமிடம், நஷ்டம் 48 நிமிடம். அந்தக் கூடுதல் நேரத்துக்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் விமானம் கிளம்ப வேண்டும்.

காற்றின் வேகமும் மணிக்கு 840 கி.மீ. ஆகிவிட்டால்? போக 2 மணிதான். வருவதற்கு எவ்வளவு நேரம் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.