மவ்ஸிம்: பெருங்கடல் கடந்த ஓர் அரபுச் சொல்

‘மான்சூன்’ என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது மழை. பிரெஞ்சிலும் டச்சிலும் ‘மூஸோன்’, ஸ்பானிஷில் ‘மொன்ஸோன்’, இத்தாலியில் ‘மொன்ஸோனே’, ஜெர்மனில் ‘மொன்ஸூன்’ என ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வழங்கும் இச்சொல்லின் மூலம், அரபியிலுள்ள ‘மவ்ஸிம்’ என்பதாகும். அரபியில் அதன் முதற்பொருள் மழையுமன்று, காற்றுமன்று. குறிக்கப்பட்ட காலம் என்பதே.

இச்சொல்லின் வேர் ‘வஸம’. அடையாளமிட்டான் என்பது அதன் பொருள். ஒட்டகத்தின் உடலில் இன்னாருக்குரியது என்று இடும் சூட்டுக்குறி ‘வஸ்ம்’ எனப்படும். காய்ந்த நிலத்தில் பசுமையால் அடையாளமிடும் முதல் மழைக்கு ‘வஸ்மீ’ என்று பெயர். ஆண்டில் அடையாளமிட்டு ஒதுக்கப்பட்ட காலம் ‘மவ்ஸிம்’ ஆயிற்று. மக்கள் ஒன்றுகூடும் ஹஜ்ஜுக் காலமும், உக்காழ் போன்ற சந்தைகள் கூடிய காலமும் இப்பெயரால் வழங்கப்பட்டன. அடையாளங்களைக் கொண்டு உண்மையை உய்த்துணர்வோரைத் திருக்குர்ஆன் (15:75) ‘முதவஸ்ஸிமீன்’ எனக் குறிப்பிடுவதும் இவ்வேரிலிருந்தே.

அரபு மாலுமிகள் இச்சொல்லைக் கடலுக்குக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 1490இல் ‘கிதாபுல் ஃபவாயித்’ எனும் கடல்நூலை நிறைவுசெய்த இப்னு மாஜித் போன்றோரிடம், ஒரு துறைமுகத்திலிருந்து பாய்விரித்துப் புறப்படுதற்குரிய நாட்களே மவ்ஸிம். அந்நாட்களைத் தவறவிட்ட கப்பல், காற்றுத் திரும்பும்வரை கரையிலேயே காத்துக் கிடக்க நேரிடும்.

இந்தியப் பெருங்கடலுக்கு வந்த போர்த்துகீசியர் இதனை ‘மொன்சாவ்’ என்று தம் நாவுக்கேற்ப வழங்கினர். 18ஆம் நூற்றாண்டுப் பிரேசிலில், சாவ் பாவுலோவிலிருந்து குயாபா பொன்வயல்களுக்கு உரிய காலம் பார்த்துப் புறப்பட்ட ஆற்றுப் படகுப் பயணங்களுக்கும் அதே பெயர் சூட்டினர். அரபிக்கடலின் காற்று வீசாத அந்நாட்டிலும் ‘உரிய காலம்’ என்ற பொருள் பிழைத்திருந்தமை வியப்புக்குரியது. ஆங்கிலத்திலோ காலத்தைக் குறித்த சொல் காற்றையும், பின்னர் அக்காற்று கொணரும் மழையையும் குறிப்பதாயிற்று. உர்தூவின் ‘மவ்ஸம்’, மலாயின் ‘மூஸிம்’ ஆகியன மூலப்பொருளுக்கு அருகிலேயே நிற்கின்றன. தமிழின் ‘பருவமழை’ என்ற வழக்கு, காலத்தை முன்னும் மழையைப் பின்னும் வைத்து இரண்டையும் காத்துக்கொண்டது.

இச்சொல்லின் உண்மைப் பொருளை நம் கரையிலேயே காணலாம். மீஞ்சூர் வட்டாரத்தைச் சேர்ந்த பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்தின் தலைமையிடம் இதுவே. இங்கிருந்து துணிப்பொதிகள் இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றன. கப்பல்கள் ஒதுங்குதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் நங்கூரம் எடுத்துவிடுவதே விவேகமாக இருந்தது. வாணிகத்தின் நாட்காட்டியை மவ்ஸிமே எழுதியது.

ஏரிக்கரை மீனவருக்கு அந்நாட்காட்டி இன்றும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் வெள்ளம் ஏரியை நிரப்பி, முகத்துவாரத்தின் மணலை அறுத்துக் கடலோடு சேர்க்கிறது. அவ்வழியே இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ எனும் ஏற்பாடும், ஒவ்வொருவருக்கும் உரிய நாளைக் குறித்துத் தரும் ஒரு மவ்ஸிமே எனலாம்.

முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. படகு கடலுக்குப் போக வழியில்லை. இறாலுக்கு உள்ளே வரவும் வழியில்லை. ஆண்டு முடிவில் மழையின் மொத்த அளவு குறையாதிருக்கலாம். ஆயினும் உரிய நாளில் வராத வெள்ளம் ஏரிக்குப் பயன்படுவதில்லை. பாட்டு முறை வந்தும் வலை வெறுமையாக மீளும்.

எத்தனை சென்டிமீட்டர் மழை என்று கேட்பது இன்றைய மான்சூனின் கேள்வி. உரிய காலத்தில் வந்ததா என்பது மவ்ஸிமின் கேள்வி. ஏரியை நம்பி வாழ்வோர் இரண்டாவதைத்தான் கேட்கின்றனர். அவர்களுக்காகத் திட்டமிடுவோரும் அதனையே முதலில் கேட்டல் வேண்டும்.