நெஞ்செரிச்சலும் உணவுக்குழாயும்

முன்னுரை

பெங்களூரு மாநகரின் வடகிழக்கில், கம்மனஹள்ளி, பானசவாடி ஆகிய பகுதிகளுக்கு அருகில் அமைந்துள்ளது லிங்கராஜபுரம். இங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இரவுப் பணியாலும் நீண்ட பயணத்தாலும் மாநகர மக்கள் பலர் நேரங்கழித்து உண்கின்றனர். உண்டவுடன் உறங்கச் செல்கின்றனர். பின்னர் மார்பில் எரிச்சல் தோன்றினால், 'கேஸ்' என்று கூறி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உளர். அந்த எரிச்சல் எதனால் உண்டாகிறது? அதனைப் புறக்கணித்தால் என்ன நேரும்?

உணவுக்குழாயின் அமைப்பு

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் தசைக்குழாயே உணவுக்குழாய். வளர்ந்தவர்களுக்கு இஃது ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. இதன் அடிப்பகுதியில் வளையம் போன்ற சுருக்குத்தசை உள்ளது. உணவு வரும்போது இத்தசை தளர்ந்து வழிவிடும். பின்னர் இறுகி மூடிக்கொள்ளும். இரைப்பையில் வலிமை மிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அதனைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்சுவரில் தடித்த சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

நோய் தோன்றும் விதம்

சுருக்குத்தசை வலுவிழந்தாலோ, வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ அமிலம் மேலேறுகிறது. இதனை எதுக்களித்தல் என்பர். எப்போதோ ஒருமுறை நிகழ்ந்தால் அது நோயன்று. அடிக்கடி நிகழ்ந்து துன்புறுத்தினாலோ, உணவுக்குழாயைப் புண்படுத்தினாலோ அது நோயாகும். உடற்பருமன், கருவுற்ற காலம், புகைபிடித்தல், மிகுதியாக உண்ணுதல் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். மார்பெரிச்சல், புளித்த ஏப்பம், வறட்டு இருமல், குரல் கரகரப்பு ஆகியன இதன் அறிகுறிகள்.

உணவுக்குழாய்க்கு நேரும் தீங்கு

அமிலம் மீண்டும் மீண்டும் படுவதால் உணவுக்குழாயின் உட்சுவர் சிவந்து, வீங்கிப் புண்ணாகிறது. புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு குழாயைக் குறுக்கிவிடும். அப்போது உணவை விழுங்குவது கடினமாகும். பல ஆண்டுகள் கவனியாது விட்டால், சிலருக்கு உட்சுவரின் செல்களே குடற்செல்களைப் போல மாறுகின்றன. 1950ஆம் ஆண்டு இதனைப் பற்றி எழுதிய நார்மன் பாரெட் என்னும் அறுவை மருத்துவரின் பெயரால் இந்நிலை 'பாரெட் உணவுக்குழாய்' எனப்படுகிறது. இந்நிலை அடைந்தவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் தோன்றுகிறது. எனினும் தொடர் பரிசோதனை தேவை. எண்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்குக் கருவியால் மருத்துவர் உட்சுவரை நேரில் காண இயலும்.

மருத்துவம்

முதல் மருத்துவம் பழக்க மாற்றமே. உறங்குவதற்கு 3 மணி நேரம் முன்பே உணவை முடித்தல், அளவோடு உண்ணுதல், உடல் எடையைக் குறைத்தல், தலைப்பக்கம் கட்டிலை 15 செ.மீ. உயர்த்துதல், இடப்பக்கமாகப் படுத்தல் ஆகியவை நற்பயன் தரும். எண்ணெய் மிகுந்த உணவு, காரம், காபி ஆகியவற்றுள் தமக்கு ஒவ்வாதவற்றை நோயாளி குறைத்துக்கொள்ளலாம்.

அமில முறிப்பு மருந்துகள் விரைவில் ஆறுதல் தரும். ஆனால் அது நெடுநேரம் நிலைக்காது. ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்ற மருந்துகள் அமிலச் சுரப்பையே குறைத்துப் புண் ஆற உதவுகின்றன. பொதுவாக இவற்றைக் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். மருத்துவர் அறிவுரையின்றி ஆண்டுக்கணக்கில் உட்கொள்வது தவறு. மருந்தால் தீராத சிலருக்கு அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் இம்முறையை ருடால்ஃப் நிசென் 1956ஆம் ஆண்டு வெளியிட்டார்.

எச்சரிக்கை

மாரடைப்பின் வலியும் நெஞ்செரிச்சல் போலவே தோன்றலாம். மார்பை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், 'கேஸ்' என்று காத்திராமல் உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுங்க இயலாமை, இரத்த வாந்தி, கருநிற மலம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

லிங்கராஜபுரத்திற்குத் தெற்கே, அல்சூர் ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அவர் தம் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவருக்கு மருந்து வேண்டுவதில்லை என்கிறார். காலமும் அளவும் அறிந்து உண்பது நோயைத் தடுக்கும் முதற்படி. நோய் தோன்றியபின் உரிய மருத்துவரை நாடுவது அடுத்த படி.

சொற்பொருள்

எதுக்களித்தல் – உண்டது மேல்நோக்கி வருதல்
செரித்தல் – சீரணமாதல்
ஒவ்வாத – பொருந்தாத

வினாக்கள்

1. இரைப்பை தாங்கும் அமிலத்தை உணவுக்குழாய் தாங்காதது ஏன்?
2. உணவுக்குழாய் குறுகுவது எவ்வாறு?
3. நெஞ்செரிச்சலை மாரடைப்பிலிருந்து பிரித்தறிய எவற்றைக் கவனிக்க வேண்டும்?
4. பிரித்து எழுதுக: மார்பெரிச்சல், முதற்படி.