சம்பளம் வந்த மறுநாள் – 6: இரண்டு பேருக்கு மளிகை எவ்வளவு?

ஆவடி மார்க்கெட்டிலும் சரி, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து அரிசிக் கடைகளிலும் சரி, அடுக்கி வைத்திருக்கும் சிப்பங்கள் பலவற்றில் 26 கிலோ என்று அச்சிட்டிருக்கும். முன்பெல்லாம் அது 25 தான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரி 25-ல் நின்றுவிடுகிறது என்றதும், ஆலைக்காரர்கள் இன்னொரு கிலோவைப் போட்டு வாயைத் தைத்துவிட்டார்கள்.

நான்கு பேர் இரண்டு வேளை சோறு சாப்பிடும் வீட்டில் அந்தச் சிப்பம் ஒரு மாதத்தில் காலி. புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் மாதம் பத்து கிலோ அரிசி செலவானாலே அதிகம். இரண்டரை மாதம் கிடக்கும். மூன்றாவது மாதம் முறத்தோடு உட்கார்ந்து வண்டு பொறுக்க வேண்டியதுதான். ‘மொத்தமா வாங்கினா மலிவு’ என்று ஊரிலிருந்து அம்மா சொல்லும் யோசனை ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குச் சொன்னது. கடைகளின் பாக்கெட்டும் தள்ளுபடியும் அந்த வீட்டை நினைத்தே போடப்படுகின்றன. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் வாடகையும் அட்வான்சும் முடிந்தன. இந்த வாரம் அடுப்படி.

‘இரண்டு பேருக்கு மாசம் எவ்வளவு ஆகுது?’ என்று திருமுல்லைவாயிலிலோ காட்டுப்பாக்கத்திலோ ஓர் அடுக்குமாடியில் வீடு வீடாகக் கேட்டால், நாலாயிரம் என்பார் ஒருவர், பதினைந்தாயிரம் என்பார் இன்னொருவர். இரண்டுமே பொய்யாக இருக்காது. நாலாயிரக்காரர் பாலையும் காய்கறியையும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். பதினைந்தாயிரக்காரர் சோப்பு, ஷாம்பு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டிருப்பார். ரூபாயில் ஆரம்பித்தால் இந்தக் குழப்பம் தீராது. கிலோவில் ஆரம்பிக்க வேண்டும்.

அப்படிக் கிலோவிலும் கிராமிலும் கணக்குப் போடும் வேலை இந்த மாநிலத்திலேயே வெகுகாலம் நடந்தது. வாலஸ் அய்க்ராய்டு என்ற ஊட்டச்சத்து நிபுணர் 1935 முதல் 1945 வரை குன்னூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். இந்திய உணவுப் பொருள்களில் எதில் என்ன சத்து, எவ்வளவு என்ற அட்டவணை 1937-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. இருபது வருஷம் கழித்து, 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியில் சாப்பாட்டுப் பங்கை அய்க்ராய்டு சொன்ன கலோரி அளவை வைத்தே நிர்ணயிக்கச் சொன்னது. ஒரு சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் குடும்பத்தை மூன்று ‘நுகர்வு அலகு’ என்று அது எடுத்துக்கொண்டது. இதை விரித்துச் சொல்லும்போது ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, குழந்தைக்கு 0.6 என்று போடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து இரண்டு பேர் இல்லை, 1.8 பேர். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, சமையலையும் முடிக்கிற பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். என்ன பதில் வரும் என்பதற்கு இந்தத் தொடர் பொறுப்பல்ல.

குன்னூர் ஆய்வுக்கூடம் பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்த நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கான அளவு இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு (அல்லது முட்டை, மீன், இறைச்சி) 85, கீரையும் காயும் கிழங்குமாக 400, பழம் 100, கடலை போன்ற கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெயும் கொழுப்பும் 27, பாலோ தயிரோ 300 மில்லி. மொத்தம் 2,000 கலோரி. இதை இரண்டு பேர், முப்பது நாள் என்று பெருக்கினால் மாதச் சிட்டை தயார். தானியம் 15 கிலோ, பருப்பு வகை 5 கிலோ, காய் கீரை 24 கிலோ, பழம் 6 கிலோ, கடலை 2 கிலோ, எண்ணெய் ஒன்றேமுக்கால் லிட்டர், பால் 18 லிட்டர்.

இதில் இரண்டு எண்கள் பல வீடுகளில் உதைக்கும். காய் 24 கிலோ என்றால் தினமும் முக்கால் கிலோவுக்கு மேல். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இவ்வளவு வாங்குகிறவர்கள் குறைவு. எண்ணெயில் நிலைமை நேர் எதிர். மாதம் மூன்று லிட்டர் பாக்கெட் போடுகிற வீட்டில் ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகவே போகிறது.

விலை போட்டுப் பார்க்கலாம். இவை ஓர் உத்தேசத்துக்குத்தான். கடைக்குக் கடை மாறும். அரிசி, கோதுமை மாவு கிலோ 60 என்றால் 900 ரூபாய். பருப்பு வகை 120 வீதம் சுமார் 610. காய்கறி சராசரி 50 என்றால் 1,200. பழம் 100 வீதம் 600. கொட்டை வகையில் பாதாம், முந்திரி என்று போகாமல் வேர்க்கடலையோடு நின்றால் 315. எண்ணெய் 290. பால், ஆவின் அரை லிட்டர் 22 ரூபாய்ப் பாக்கெட் என்று வைத்தால் 792. ஆக மொத்தம், 4,700 ரூபாயை ஒட்டி வருகிறது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 8,165 ரூபாய். நாடு முழுக்க நகரங்களில் செலவில் 39.68 சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது, அதற்குள்ளேயே 11.09 சதவீதம் பானங்கள், பலகாரங்கள், பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு. அந்த விகிதத்தை நம் 8,165-க்குப் பொருத்தி, ஓட்டல், பாக்கெட் சமாச்சாரங்களைக் கழித்தால், இரண்டு பேருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 4,670 ரூபாய். ஐதராபாத் தட்டும் டெல்லிக் கணக்கெடுப்பும் முப்பது ரூபாய் வித்தியாசத்தில் சந்தித்துக்கொள்வதில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. கணக்கெடுப்பின் ‘ஒருவர்’ கைக்குழந்தையும் சேர்ந்த சராசரி. அதில் மசாலாவும் சர்க்கரையும் அடக்கம். தட்டின் கணக்கில் அவை இல்லை. ஆனாலும் அடித்தளம் ஐயாயிரத்துக்குப் பக்கத்தில்தான் என்பதற்கு இது போதும்.

இதன் மேல் மிளகாய், மல்லி, புளி, சர்க்கரை, காபித்தூள் வகையறாவுக்கு 900. சோப்பு, துணித்தூள், பினாயில் 700. சைவ வீடு 6,500-க்குள் முடித்துவிடலாம். வாரம் ஒரு முறை கோழியோ மீனோ என்றால் இன்னும் ஆயிரத்தைத் தொடும். 7,500 என்பது நியாயமான தொகை. கையை இறுக்கிக்கொண்டு பட்டினி கிடக்கிற தொகையும் இல்லை.

இதைக் குறைக்க நேர்வழி ஒன்று உண்டு, புதுத் தம்பதிகள் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்: ரேஷன் கார்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் அவர் பெயர் தஞ்சாவூர் அப்பா கார்டிலும், இவர் பெயர் விழுப்புரம் அம்மா கார்டிலும் இருக்கும். இரண்டு இடத்திலும் பெயரை நீக்கினால்தான் பட்டாபிராமிலோ பூந்தமல்லியிலோ புதுக் கார்டு. தமிழ்நாட்டில் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டம் அது. சர்க்கரை கிலோ 25, ஆளுக்கு அரை கிலோ. இரண்டு பேர் கார்டில் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, இட்லிக்கு நாலு கிலோ அரிசி மட்டும் வாங்கினாலும், வெளிக்கடை விலையோடு பார்த்தால் மாதம் நானூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வெளி மாநிலத்திலிருந்து வந்து எஸ்டேட் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கிற தொழிலாளிகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்ததால், சொந்த ஊர் கார்டைக் காட்டி இங்கேயே தானியம் வாங்கலாம்.

இட்லிக்கு என்றதும் மாவுக்கு வந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மாவுக் கடையாவது இருக்கிறது. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் மூன்று கிலோ போல மாவு வரும். அரிசி 45, உளுந்து கிலோ 140 என்றால் மொத்தச் செலவு 80 ரூபாய். கிலோ 27 விழுகிறது. ரேஷன் அரிசியில் அதுவே 12-க்கு இறங்கும். பாக்கெட் 45, 50. பேப்பரில் பார்த்தால் அரைப்பதுதான் லாபம். ஆனால் இரண்டு பேர் மூன்று கிலோ மாவை என்ன செய்வது? முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, நாலாம் நாள் ஊத்தப்பம், ஆறாம் நாள் புளிப்பு தாங்காமல் தொட்டியில். அரை கிலோ அரிசியாகப் போட்டால்தான் லாபம் லாபமாக நிற்கும். ஷிப்டு முடிந்து ராத்திரி எட்டரைக்கு வருகிறவர்கள் பாக்கெட் வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதற்கில்லை. கிலோவுக்கு இருபது ரூபாய் கொடுத்து ஒரு மணி நேரத்தை வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

காய்கறியில் சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஓர் அனுகூலம், கோயம்பேடு சந்தை பக்கத்தில் இருப்பது. 2020 மே மாதம் கொரோனாவால் அந்தச் சந்தையை மூடியபோது, காய்கறி வியாபாரம் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்கே வந்து சில மாதங்கள் நடந்தது. அதற்காக இரண்டு பேர் கோயம்பேட்டுக்குப் போய் மூட்டை கட்டி வருவதில் பெட்ரோல்தான் நஷ்டம். முட்டைகோஸைப் பாதியாக வெட்டித் தருகிற, கறிவேப்பிலை கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுகிற தெருமுனைக் கடையில் வாரம் இரண்டு முறை வாங்குவதே இவர்களுக்குக் கட்டுப்படியாகும். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகுவது மிச்சம்.

விலை ஏற்றத்துக்கும் ஒரு பத்து சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. அரசே சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. மாதம் நாலு கிலோ தக்காளி வாங்கும் வீட்டில், 30 ரூபாய் 120 ஆனால் 360 ரூபாய் ஏறுகிறது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு 20 சதவீத அடிப்படை வரி விதித்தார்கள். அடுத்த மே மாதக் கடைசியில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். சில சமயம் விலை இறங்கவும் செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 ஆனது. வெண்ணெய், நெய், நூடுல்ஸுக்கு 12-லிருந்து 5. அதற்கு முந்தைய பில்லை வைத்து இன்னமும் பட்ஜெட் போடுகிறவர்கள் அந்த வரிகளைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆக 7,500-உம் அதன் பத்து சதவீதமும் சேர்ந்து எட்டாயிரத்துச் சொச்சம். ரேஷன் கார்டு இருந்தால் 7,800. இதற்குள் ஓட்டல் சாப்பாட்டைச் சேர்க்கக் கூடாது. நகரத்தில் சாப்பாட்டுச் செலவின் மிகப் பெரிய ஒற்றை இனம் அந்த 11 சதவீதம்தான். நம் கணக்கில் இரண்டு பேருக்கு 1,800 ரூபாய். பாலை விட, காய்கறியை விட அதிகம். அதற்குத் தனிக் கவர், தனிக் கணக்கு. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் செயலிகளில், டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்க வேண்டி வண்டியில் ஏற்றும் சிப்ஸும் குளிர்பானமும்கூட இந்தக் கவரில்தான் சேர வேண்டும், மளிகையில் அல்ல. அண்ணாச்சி கடையில் ‘துவரம் பருப்பு கால் கிலோ’ என்று கேட்டால் கால் கிலோ நிறுத்துக் கொடுப்பார். குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒன்று அவரிடம் கிடையாது.

(அடுத்த வாரம்: கேஸ் சிலிண்டர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில், கோடையில் தண்ணீர் லாரி)