ஜிம்மிக்கு மாப்பிள்ளை பார்க்கிறீங்களா?

காரைக்குடி பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே, "எந்தக் கோயில்?" என்பதுதான். இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, பிள்ளையார்பட்டியா... நகரத்தாருக்கு மொத்தம் ஒன்பது கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி முறை. பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அதைத் தாண்டினால் ஜாதகம், பையனின் உத்தியோகம், குணம் என்று விசாரணை சி.பி.ஐ. ரேஞ்சுக்குப் போகும்!

அதே வீட்டில் ஜிம்மி என்று ஒரு பெட்டை லாப்ரடார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பையன் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரரிடம் கேட்கிறான்:

"அண்ணே, உங்க கடுவன் சும்மாதானே இருக்கு? ஞாயித்துக்கிழமை ஜிம்மியைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"தாராளமா வாடா தம்பி! ஆனா, குட்டியில ஒண்ணு எனக்கு!"

முடிந்தது நிச்சயதார்த்தம்! கோயில் கிடையாது, ஜாதகம் கிடையாது, டாக்டர் சர்டிபிகேட்டும் கிடையாது.

'நாய்க்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா சார்?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. யோசிக்கத்தான் வேண்டும். சினை என்பது 63 நாள் சமாச்சாரம். பிறக்கிற குட்டியோ பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். ஞாயித்துக்கிழமை முடிவுக்கு அத்தனை வருஷம் யார் சோறு போடுவது?

'ஒரு தடவையாவது...'

குட்டி போடவைக்கிறவர்களைக் கேட்டால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது: "பொட்டைப் புள்ளையாச்சே... ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது." இதை ஆச்சிமார்களிலிருந்து எம்.எஸ்ஸி. படித்தவர்வரை எல்லோரும் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. உண்மை நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. கு.க. ஆபரேஷன் செய்யாத பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் வியாதி வரலாம். ஸ்வீடன் நாட்டில் நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது சகஜம்! அந்தக் கணக்குகளைப் பார்த்த ஆய்வுகளில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டைக்கு இந்த வியாதி வந்திருந்தது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சின்ன வயதில் கு.க. செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது என்பது பல வருஷமாக டாக்டர்கள் சொல்லிவருவது. லாப்ரடார் போன்ற பெரிய இனங்களுக்கு மட்டும், எலும்பு மூட்டு நன்றாக வளரட்டும் என்று இப்போது கொஞ்சம் காத்திருந்து செய்யச் சொல்கிறார்கள். எந்த வயதில் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டாவது: "குழந்தைங்க பார்த்து ரசிக்கும்ல!" ரசிக்கும்தான். பிரசவம் சிக்கலாகி, நடுராத்திரி ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடும்போது அதையும் குழந்தைகள்தான் பார்க்கும்.

மூன்றாவது: "ஆளுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்குறாங்க. எட்டுக் குட்டின்னா...?" கால்குலேட்டரை எடுத்துவிட்டீர்களா? நல்லது, கழித்தலையும் போடுங்கள். மேட்டிங்குக்கு முன்னால் பரிசோதனை, சினையில் ஸ்கேன், தாய்க்குக் கூடுதல் சாப்பாடு, ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறு வாரத்திலிருந்து தடுப்பூசி, சிசேரியன் ஆகிவிட்டால் அந்த பில் தனி. பார்வோ வைரஸ் நுழைந்தால் மொத்த ஈத்தும் ஒரே வாரத்தில் போய்விடலாம். கடைசியில் அந்த லாபத்தில் ஒரு செகண்ட் ஹாண்ட் சைக்கிள் தேறினால் அதிர்ஷ்டம்!

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மெடிக்கல் டெஸ்ட்!

'என் நாய் அழகாக இருக்கிறது' என்பது மட்டும் தகுதி ஆகாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இரண்டிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். வெளியே ஓடி ஆடிக்கொண்டிருக்கும். எக்ஸ்-ரே எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். பக் இனத்தில் முகம் சப்பை, தலை பெரிசு. மூச்சு விடுவதே பாடு. பிரசவமும் அடிக்கடி சிசேரியனில்தான் முடியும். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, சௌசௌ உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றார்கள். அதை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். கோர்ட் விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கிக்குச் செக்காலை ரோட்டில் மே மாத மத்தியானம் என்ன வேலை?

'எங்ககிட்ட இருக்கிறது நாட்டு நாய் சார், ராஜபாளையம்!' என்று காலரைத் தூக்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு... கம்பீரம்தான். 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்த இனம். ஆனால், அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. காதின் உட்பகுதி வேலை செய்வதற்கு நிறம் கொடுக்கும் செல்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் காது செவிடாகிவிடும். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த டால்மேஷனிலும் இதே பிரச்னைதான். அமெரிக்காவில் சோதித்தபோது ஏறக்குறைய 30 சதவிகித டால்மேஷன்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். நிறத்தை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்தால் இந்தக் குறை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் சந்தேகம்தான். ஒரு காது மட்டும் செவிடு என்றால் கைதட்டலில் தெரியாது, அதற்கென்று தனி டெஸ்ட் உண்டு. செவிட்டு நாயை அன்பாக வளர்க்கலாம், தப்பே இல்லை. குட்டி போடவைக்க மட்டும் கூடாது.

காரணமில்லாமல் கடிக்கிற நாய், எதற்கெடுத்தாலும் நடுங்குகிற நாய், இவற்றுக்கும் அதே விதிதான். குணமும் ரத்தத்தில் வரும்.

எப்போ கல்யாணம்?

பெட்டை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் முதல் தடவை ஹீட்டுக்கு வந்துவிடும். உடனே ஜோடி சேர்ப்பது, ஸ்கூல் யூனிஃபார்மில் இருக்கிற பெண்ணுக்குத் தாலி கட்டுகிற மாதிரி. மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளுக்கு ஐந்து ஈத்து. அப்பா - மகள், அண்ணன் - தங்கை, தாத்தா - பேத்தி என்று நெருங்கிய ரத்தத்தில் சேர்க்கக் கூடாது. (பார்த்தீர்களா... இங்கேயும் 'எந்தக் கோயில்?' கேள்வி வந்துவிட்டது!) குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன்னால் விற்கக் கூடாது. விற்பதற்காகக் குட்டி போடவைக்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர்க் காலண்டரையும் பாருங்கள். மாசிக் கடைசியில் சேர்த்தால், 63 நாள் கழித்துப் பிரசவம் அக்னி நட்சத்திரத்தில் வந்து நிற்கும். பிறந்த முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிக்கட்ட முடியாது. தகர ஷெட்டில் வெந்துவிடும். ஆவணியில் சேர்த்தால், குட்டிகளுக்குக் காது திறக்கிற சமயத்தில் தீபாவளி அணுகுண்டு வரவேற்பு கொடுக்கக்கூடும். பெட்டை வழக்கமாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும். ஆகவே தேதி சரியில்லை என்றால் அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுங்கள். நாய் கோபித்துக்கொள்ளாது!

உங்கள் காலண்டர்? பிரசவம் நடக்கிற வாரமும் அடுத்த வாரமும் யாராவது ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மார்ச் மாதம் இயர் எண்டிங்கில் பேங்க்காரர் இந்த வேலையில் இறங்கினால், கணக்கும் டேலி ஆகாது, குட்டியும் தேறாது. டிரான்ஸ்ஃபர் வரப்போகிறது, தை மாதம் நமக்கே கல்யாணம் என்றால் ஜிம்மியின் கல்யாணத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஹீட் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அத்தனை நாளும் கேட்டைப் பூட்டி வையுங்கள். நீங்கள் பார்த்த மாப்பிள்ளை வந்துபோன பிறகு, மதில் ஏறிக் குதித்த கழனிவாசல் மைனரும் அப்பாவாகலாம். ஒரே ஈத்தில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் சாத்தியம்! அதோடு, ஜோடி சேரும்போது ஒட்டிக்கொள்ளும் கட்டி நோய் ஒன்று நம் ஊர் நாய்களிடம் சகஜம். வாராவாரம் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும். ஆனால், வராமல் தடுப்பது சுலபம்.

சைதாப்பேட்டை சொன்ன பாடம்

'அப்ப யாருமே குட்டி போடவைக்கக் கூடாதா?' அப்படி இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் மத்திய அரசின் கால்நடை மரபுவளப் பட்டியலில் இடம்பெற்ற இனங்கள். கன்னி, கோம்பை என்று இன்னும் சில உண்டு. ஆரோக்கியமான ஜோடிகளை வைத்து, வம்சாவளி எழுதி வைத்து, பொறுப்பாக வளர்க்கிறவர்கள் இல்லாவிட்டால் இவையெல்லாம் படத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஆனால், நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்குச் சென்னை சைதாப்பேட்டையே சாட்சி. நாட்டு இனங்களைப் பெருக்குவதற்காகக் கால்நடைப் பராமரிப்புத் துறையே அங்கே ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவு நடத்திவந்தது. நாய்களை வைத்திருந்த விதம் பற்றிப் புகார் கிளம்பி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போய், 2016-ல் அதை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. டாக்டர்களும் ஆள் அம்பும் உள்ள ஓர் அரசுத் துறைக்கே இந்தக் கதி என்றால், ஒரு மொட்டை மாடியும் ஒரு சங்கிலியும் மட்டும் வைத்திருக்கிற நாம் எத்தனை தடவை யோசிக்க வேண்டும்?

எட்டாவது குட்டி எங்கே போகும்?

லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் ஏழெட்டுக் குட்டி சர்வ சாதாரணம். சினை என்று தெரிந்ததும் ஆபீஸே வரிசை கட்டும். "எனக்கொண்ணு மாப்ளே!" குட்டி கண் திறந்ததும் வரிசை கலையும். "ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலப்பா", "ஒய்ஃபுக்கு முடி அலர்ஜி", "கடுவன் இருந்தாச் சொல்லு, பெட்டை வேணாம்." கடைசியில் இரண்டு பெட்டைக் குட்டிகள் உங்கள் மடியில்.

அந்த இரண்டும்தான் ராத்திரியோடு ராத்திரியாக அட்டைப்பெட்டியில் ஏறி, சந்தைப் பக்கமோ கோயில் வாசலிலோ இறங்குகின்றன. பிழைத்தால் தெருநாய். அடுத்த வருஷம் அதுவும் குட்டி போடும். தெருநாய்ப் பிரச்னை 2025-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் நாடு முழுக்க அடிபட்டதே... அந்தக் கூட்டத்தில் 'நல்ல சாதி நாய்' என்று ஆசை ஆசையாகப் போடவைத்த குட்டிகளின் வாரிசுகளும் உண்டு.

ஆகவே, மாப்பிள்ளை தேடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். எட்டு வீடுகளின் பெயரை எழுதுங்கள். 'ஆசையா இருக்கு' என்கிறவர் பெயரை எழுதாதீர்கள். வீட்டுக்காரம்மா சம்மதித்த வீடு, வாடகை வீடானால் ஓனர் சம்மதித்த வீடு, பெட்டைக் குட்டியையும் வாங்கிக்கொள்ளும் வீடு, கு.க. ஆபரேஷன் செய்யத் தயங்காத வீடு... இவற்றை மட்டும் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி: 'யாரால் வளர்க்க முடியாமல் போனாலும், எத்தனை வருஷம் கழித்தும், குட்டியை நான் திரும்ப எடுத்துக்கொள்வேன்.'

எட்டும் எழுதிவிட்டீர்களா? வாழ்த்துகள்! ஜிம்மியை டாக்டரிடம் காட்டி, தேதி குறியுங்கள். நாலு பெயருக்கு மேல் பேனா நகரவில்லையா? மாட்டாஸ்பத்திரிக்குப் போய் கு.க. ஆபரேஷனுக்கு நாள் கேளுங்கள். நாலு நாள் சோர்ந்து படுத்திருக்கும், அப்புறம் பழையபடி உங்கள் செருப்பைக் கடிக்க வந்துவிடும்.

நம் ஊரில் நாய்க்கு 'வைரவர்' என்று இன்னொரு பெயர் உண்டு. வைரவன்பட்டியில் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டு, அவர் வாகனத்தின் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டில் விட்டால்... சாமி எந்தக் கணக்கில் எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்?